டெஸ்டிங் அண்ணன் கட்டிய பூப்பொட்டணம்

கோயமுத்தூரில் பம்பு செட்டை டெஸ்ட் செய்கிற ஆட்கள் ஏராளம். சாமியையே டெஸ்ட் செய்து பார்த்த ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். சூலூர் பக்கம் ஒரு பம்பு கம்பெனியில் நான் ஸ்டோர்ஸில் இருக்கிறேன், அவர் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் வரும். மற்றபடி ஊருக்கே அவர் டெஸ்டிங் அண்ணன்.

ஒரு ஆயுத பூஜைக்கு எல்லா மோட்டாருக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். இவர் ஒரே ஒரு மோட்டாரைச் சாக்குப் போட்டு மூடி ஒளித்து வைத்துவிட்டார். மறுநாள் பொட்டு வைத்த ஒன்றையும் வைக்காத ஒன்றையும் சேர்த்து ஓட்டிப் பார்த்துவிட்டு நேராக முதலாளி அறைக்குப் போனார்.

"ஏனுங்க மொதலாளி, ரெண்டும் ஒரே வைண்டிங், ஒரே கேசிங். பொட்டு வெச்சதுதானுங்க ஒழுகுது."

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த வருடமும் மனிதர் விடாமல் அதையே செய்தார். அந்த முறை பொட்டு வைக்காதது ஒழுகியது. யாரும் கேட்காமலே மறுபடி அதே அறைக்குப் போய், "போன வருசம் சொன்னது வாபஸுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான். தனக்குப் பாதகமான ரிசல்ட்டையும் தானே போய்ச் சொல்கிற ஆத்திகரையோ நாத்திகரையோ நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

நாங்கள் இருவரும் குடியிருக்கும் வீதியில் யாருடைய வேண்டுதலும் அவரிடம் தப்பாது. பக்கத்து வீட்டு அக்கா ஒன்பது வாரம் எலுமிச்சை விளக்குப் போட்டு மகனுக்கு வேலை கிடைத்துவிட்டதென்று பொங்கல் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் பொங்கலை வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கேட்டார்:

"வெளக்குப் போடாம உட்டிருந்தா வேல கெடச்சிருக்காதுங்களா அம்மணி?"

"அதெப்படிங்க அண்ணா சொல்ல முடியும்?"

"அதேதானுங்க நானும் கேக்கறேன்."

அக்கா அடுத்த பண்டிகைக்கு அவர் வீட்டைத் தாண்டித்தான் பொங்கலைக் கொண்டுபோனார்.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் எங்கள் வீதியே பூப்பொட்டணம் கட்டக் கொடுத்தது என்றால் நம்புவீர்களா? எங்கள் பக்கம் ஒரு காரியம் முடிவாகவில்லை என்றால் அம்மனிடம் பூக் கேட்போம். வெள்ளை அரளியை ஒரு பொட்டணத்திலும் சிவப்பு அரளியை இன்னொன்றிலும் கட்டி, அம்மன் காலடியில் கலந்து போடுவார் பூசாரி. கேட்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. பக்திமான்கள் கட்டினால் கை எந்தப் பக்கமாவது சாய்ந்துவிடும், நம்பிக்கையே இல்லாத இவர் கட்டினால் சாயாது என்று பூசாரியே சொல்லிவிட்டார்.

அண்ணனும் அதை ஒரு உத்தியோகமாகவே செய்தார். ஒரே கனத்தில் இலை, ஒரே நீளத்தில் நூல். கடைசியில் எடுக்காத பொட்டணத்தையும் எல்லார் முன்னாலும் பிரித்துக் காட்டியே தீருவார். "ரெண்டுலயும் ஒரே பூ இருந்துபோச்சுன்னா? ஒண்ண மட்டும் பிரிச்சா அது பாதி டெஸ்ட்தானுங்க" என்பார்.

போன வருடம் எங்கள் வீதித் தறிக்காரர் மகள் மஞ்சுவுக்குச் சென்னையில் சட்டம் படிக்க இடம் கிடைத்தது. அதே வாரம் கருமத்தம்பட்டியிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீடும் வந்தது. தறிக்காரர் நல்லவர், ஆனால் பயந்தவர். வெள்ளை வந்தால் சென்னை, சிவப்பு வந்தால் கல்யாணம் என்று ஆத்தாளிடமே விட்டுவிட்டார்.

பூக் கேட்கிற அன்று கோயிலுக்கு அண்ணன் பைக்கில்தான் நானும் போனேன். வாசலில் இரண்டு நிறத்திலும் பூ வாங்கிப் பைக்கின் பக்கவாட்டுக் கவரில் வைத்தார். உள்ளே மஞ்சு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அம்மணி, நெசமாலுமே படிக்கோணுமா?"

"ஆமாங்க மாமா. வெள்ளை வரோணும்னு ஆத்தாளத்தான் கும்பிட்டுட்டு நிக்கறேன்."

அவளிடமும் ஏதாவது குறுக்குக் கேள்வி போடுவார் என்று பயந்தேன். "நல்லாக் கும்பிட்டுக்க கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பொட்டணம் கட்டப் பைக்கை நோக்கி நடந்தார். திரும்பி வரும்போது கையில் இரண்டு பொட்டணங்களும் தயாராக இருந்தன.

தறிக்காரர் கண்ணை மூடி எடுத்தார். பூசாரி பிரித்தார். வெள்ளை.

மஞ்சு அழுதாள். அவளைவிட அவள் அப்பா அதிகம் அழுதார். "ஆத்தாளே சொல்லிப்போட்டா, அப்பறம் நாம என்னங்க சொல்றது?" என்றவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "ஏனுங்க, இன்னொண்ணப் பிரிக்கலீங்களா?"

டெஸ்டிங் அண்ணன் அந்தப் பொட்டணத்தை எடுத்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார்.

"ஆத்தா வாக்குக் குடுத்த பொறவு நோண்டக் கூடாதுங்க. சாமி குத்தமாயிரும்."

அவர் வாயிலிருந்தா சாமி குத்தம்? வெளியே வந்து பைக்கைப் பார்த்தேன். பக்கவாட்டுக் கவரில் சிவப்பு அரளி வாங்கியது வாங்கியபடி கிடந்தது.

"அண்ணா, இது என்ன டெஸ்டுங்க?"

அவர் கவரை இழுத்து மூடினார்.

"அந்தப் புள்ள அத்தன கஷ்டப்பட்டுப் படிச்சிருக்குது தம்பி. அத ரெண்டு பூவுகிட்ட உட்டுப்போட்டு என்னால வேடிக்க பாக்க முடியலீங்க."

"சாமி கோவிச்சுக்காதுங்களா?"

"இருந்தா கோவிச்சுக்காதுங்க. இல்லீன்னா கோவிச்சுக்க ஆளே இல்லீங்க."

பிரார்த்தனை பலிக்குமா என்று என்னைக் கேட்டால் இன்றைக்கும் பதில் தெரியாது. மஞ்சுவைக் கேட்டால் அடித்துச் சொல்வாள். லீவுக்கு வரும்போதெல்லாம் முதல் வேலையாகக் கோயிலுக்குப் போய், ஆத்தா புண்ணியம் என்று சொல்லி அண்ணன் நெற்றியிலும் குங்குமம் வைத்துவிடுகிறாள். அவரும் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்கிறார். சாயங்காலம் வரைக்கும் அதை அழிப்பதில்லை. அந்தக் குங்குமத்தோடு அவர் எதிரே வந்தால் என் கை தானாகவே கும்பிடப் போகிறது.