சட்டக் கல்லூரிக்கு ஆள் எடுத்த ஆடு

சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடும் காலம் வந்தால் கல்லூரி வாசலில் கூட்டம் கூடும் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். அந்த வருஷம் கல்லூரி வாசலில் காவலாளி மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். கூட்டமெல்லாம் மூடிப்போன ஜவுளிக்கடை வாசலில். வரிசை பேருந்து நிலையத்தைச் சுற்றி வந்து தன் வாலைத் தானே மிதித்துக்கொண்டு நின்றது. உள்ளே ஓர் ஆடு இருந்தது.

அது சாதாரண ஆடு இல்லை. போன பிறவியில் தலைமை நீதிபதி.

இதைச் சொன்னவர் அந்த ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தவர். போன பிறவியில் அந்த நீதிபதியிடம் தான் கிளார்க்காக இருந்ததாகவும், பிறவி மாறியும் தனக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை என்றும் சொல்லிக் கண்ணீர் விட்டார். அழுகிற ஆள் பொய் சொல்வாரா? அவரைக் கிளார்க் சாமி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவ்வளவு பெரிய நீதிபதி ஏன் ஆடாகப் பிறந்தார் என்று ஒருத்தர் மட்டும் கேட்டாராம். "தீர்ப்பு சொல்லாம ஒத்தி வச்சுக்கிட்டே போனார், அதான்" என்றாராம் கிளார்க் சாமி. கேட்டவருக்கு நில வழக்கு ஒன்று வருஷக்கணக்காக நடந்துகொண்டிருந்தது. அந்த நிமிஷமே நம்பிவிட்டார்.

நடைமுறை எளிது. விண்ணப்பத்தை ஆட்டின் முன்னால் நீட்டுவார்கள். ஆடு தின்றுவிட்டால் தள்ளுபடி. தின்னாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் கல்லூரியில் இடம் உறுதி. பிறகு எதற்குப் படிக்க வேண்டும், எதற்கு மதிப்பெண் வாங்க வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த வரிசையில் நின்றவர்கள் யாரும் கேட்கவில்லை. அத்தனை பேரும் நாளைக்கு நீதிமன்றத்தில் எதிர்க்கட்சிக்காரரைக் கேள்வி கேட்டே திணறடிக்கப் போகிறவர்கள்.

நானும் உள்ளே போய் உட்கார்ந்திருப்பேன். எனக்குச் சட்டம் படிக்கிற வயது தாண்டி நெடுங்காலம் ஆகிறது. ஜவுளிக்கடையில் பெரிய மின்விசிறி இருந்தது, அதற்காகப் போனேன். ஒரு கண்ணில் புரை இருந்ததால் நடந்ததில் பாதியைத்தான் பார்த்தேன். மீதிப் பாதியும் அதே மாதிரிதான் இருந்திருக்கும்.

காலையில் கிளார்க் சாமி, "கனம் நீதிபதி வருகிறார், எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்று குரல் கொடுப்பார். எல்லோரும் எழுந்து தலையைக் குனிந்துகொள்வார்கள். துணி மாற்றிப் பார்க்கிற அறையிலிருந்து, தலையில் அந்தக் கால நீதிபதிகளின் பொய்முடி மாதிரி தரை துடைக்கும் பஞ்சுமுடியோடு ஆடு வெளியே வரும். சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று மிச்சமிருந்தது. ஆடு அதில் தன்னைப் பார்த்துக் கத்தினால் அது இரண்டு நீதிபதிகள் அமர்வு, அன்றைக்குக் காணிக்கையும் இரண்டு மடங்கு. நீதிபதி நின்ற இடத்தில் புழுக்கை போட்டால் அது தீர்ப்பு நகல். அதைப் பொட்டலம் கட்டி வாங்கிப் போய்த் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தவர்களை நான் அறிவேன். அவர்களுக்குப் பக்கத்தில் படுத்தவர்களையும் அறிவேன். பாவம்.

இந்த வரிசையில்தான் ஒருநாள் பூட்டுக்கடைக்காரர் நின்றார். ஊரில் எந்தப் பூட்டையும் திறப்பார். வாயை மட்டும் திறக்க மாட்டார். அவருடைய ஒரே மகள் சட்டம் படிக்க வேண்டும் என்று ராப்பகலாகப் படித்து, விண்ணப்பத்தை நிரப்பி மேசைமேல் வைத்திருந்தாள். அப்பா கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. நல்லது நடக்கட்டுமே என்று அவளுக்குச் சொல்லாமல் அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஆடு அதை ஆசையாகத் தின்றது. குண்டூசியை மட்டும் துப்பியது.

வீட்டில் அன்றைக்கு நடந்த பேச்சு தெரு முழுக்கக் கேட்டது.

"என் விண்ணப்பத்தை ஆட்டுக்குப் போட்டீங்களா?"

"ஆடுன்னு சொல்லாதம்மா. கேட்டா நீதிமன்ற அவமதிப்பு."

"அப்பா."

"தள்ளுபடி ஆயிடுச்சும்மா. ஒரே வாயில. புகைப்படத்தைக் கூட விடல. இனிமே எதுக்கு வீண் அலைச்சல்? உங்க அத்தை பேக்கரியில கல்லாவுல உட்கார ஆள் தேடுறாங்க. நாளையில இருந்து போ."

"வேற பிரதி எடுத்துட்டு வர்றேன், கையெழுத்து மட்டும் போடுங்க. நாளைக்குச் சாயங்காலம் கடைசி நேரம்."

"விதியில இல்லாததுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"நீதிமன்றம்னா மறு விசாரணை உண்டுதானே?" என்றாள் மகள். "நாளைக்கு இன்னொரு தடவை வைப்போம். அவர் தின்னலைன்னா போடுவீங்களா?"

பூட்டுக்கடைக்காரர் யோசித்தார். "தின்னலைன்னா அங்கேயே போடுறேன்."

மறுநாள் காலையில் புது விண்ணப்பத்தோடு அப்பாவை வரிசையில் நிறுத்திவிட்டு, மகள் உள்ளே வந்து எனக்குப் பக்கத்தில் மின்விசிறிக்கு அடியில் நின்றாள். கூட்டம் ஆட்டைப் பார்த்தது. அவள் கிளார்க் சாமியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளார்க் சாமியின் மேசையில் இரண்டு சின்னக் கிண்ணங்கள். அலுவலகங்களில் காகிதம் புரட்டுகிறவர்கள் விரலை நனைத்துக்கொள்வதற்கு ஈரப் பஞ்சு போட்டு வைத்திருப்பார்களே, அதே கிண்ணம். விண்ணப்பம் கைக்கு வந்ததும் அவர் விரலை நனைப்பார், பக்கங்களின் ஓரத்தைச் சர்ரென்று புரட்டுவார், ஆட்டிடம் நீட்டுவார். கிளார்க் என்றால் அப்படித்தானே செய்வார் என்று யாரும் அதைக் கவனிக்கவில்லை. காணிக்கை உறை தடியாக இருந்தால் விரல் வலது கிண்ணத்துக்குப் போனது. ஆடு முகம் சுளித்துத் தும்மியது. உறை மெலிந்திருந்தால் விரல் இடது கிண்ணத்துக்குப் போனது. ஆடு பக்கத்துக் காகிதத்தையும் சேர்த்துத் தின்றது.

"தாத்தா," என்று கிசுகிசுத்தாள் என்னிடம், "ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு கிண்ணம்?"

"எனக்கு ஒரு கண்ணுதாம்மா வேலை செய்யுது. ஒரு கிண்ணம்தான் தெரியுது" என்றேன். உண்மையைச் சொன்னால் மின்விசிறி போய்விடும்.

இடைவேளை முடிந்து நீதிபதி மறுபடி வருகிற நேரம். "எல்லாரும் எழுந்து நில்லுங்க." எல்லோரும் குனிந்தார்கள். கிளார்க் சாமி எல்லோரையும்விட அதிகமாகக் குனிந்தார். அவள் குனியவில்லை. நேராக மேசைக்குப் போய் இரண்டு கிண்ணங்களையும் இடம் மாற்றி வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

முதலில் வந்தவர் சிமெண்ட் கடை முதலாளி. மகனுக்காக வந்திருந்தார். மகன் வெளியே காரில் தூங்கிக்கொண்டிருந்தான். உறை சிமெண்ட் மூட்டை மாதிரி இருந்தது. கிளார்க் சாமி பல்லெல்லாம் தெரியச் சிரித்து, வலது பக்கக் கிண்ணத்தில் விரலை நனைத்து, விண்ணப்பத்தைப் புரட்டி நீட்டினார். ஆடு ஒரு கவ்வுக் கவ்வியது. முதலாளி ஒரு முனையைப் பிடித்து இழுத்தார், ஆடு மறு முனையை இழுத்தது. ஆடு ஜெயித்தது.

"என்னய்யா இது, என் பையன் விண்ணப்பத்தை இவன் தின்னுட்டான்?" என்று கத்தினார் முதலாளி.

"தின்னுட்டார்னு சொல்லுங்க முதலாளி" என்றார் கிளார்க் சாமி. வியர்த்துக் கொட்டியது. "நீதிபதிக்கு இன்னைக்கு மதியச் சாப்பாடு லேட்டு. அடுத்தது யாரு?"

அடுத்தது பூட்டுக்கடைக்காரர். உறை இஸ்திரி போட்டது மாதிரி தட்டையாக இருந்தது. விரல் இடது கிண்ணத்துக்குப் போனது. விண்ணப்பத்தை நீட்டியதும் ஆடு மோந்தது, நக்கியது, உதட்டைச் சுருட்டித் தும்மியது, பின்பக்கமாகவே நடந்துபோய்க் கண்ணாடியில் முட்டிக்கொண்டு நின்றது. தும்மியதில் பஞ்சுமுடி கழன்று விழுந்தது.

"ஏத்துக்கிட்டார்!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார் பூட்டுக்கடைக்காரர். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "பேனா குடும்மா, பேனா குடு. இப்பவே போடுறேன்."

நானாக இருந்தால் பேனாவைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு கல்லூரிக்கு ஓடியிருப்பேன். அவள் பேனாவை எடுத்தாள். நீட்டப்போனாள். பிறகு கையை இழுத்துக்கொண்டாள்.

"அப்பா, அவர் ஏத்துக்கல. கிண்ணத்தை மாத்தி வச்சது நான்."

வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டி மேசையைப் பார்த்தார்கள்.

"பொய்" என்றார் கிளார்க் சாமி. "இந்தப் பொண்ணு மேல வழக்குப் போடுவேன்."

"போடுங்க. அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி சாமி. ரெண்டு கிண்ணத்துலயும் என்ன இருக்கு?"

"தண்ணி. வெறும் தண்ணி. விரல் நனைக்க."

"அப்ப நான் மாத்தி வச்சதால உங்களுக்கு என்ன நஷ்டம்?"

கிளார்க் சாமி நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி கண்ணாடியில் இருந்த இன்னொரு நீதிபதியிடம் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் மேசையில் கிடந்த வெற்றுத் தாள் இரண்டை எடுத்தாள். "இதுல எழுத்தும் இல்ல, மார்க்கும் இல்ல. எல்லாரும் பாருங்க." ஒரு தாளை வலது கிண்ணத்தில் தொட்டு நீட்டினாள். ஆடு ஓடி வந்து தின்றது. இன்னொன்றை இடது கிண்ணத்தில் தொட்டு நீட்டினாள். ஆடு தும்மியது.

"இந்த வெள்ளைத் தாளுக்குச் சட்டக் கல்லூரியில இடம் உறுதி" என்றாள். "யாருப்பா பெத்த தாளு, கூட்டிட்டுப் போங்க."

எதிர்க்கடைக் கறிக்காரர் கூட்டத்தில் நின்றிருந்தார். முதலில் அவர்தான் சிரித்தார். "நானும் எத்தனையோ நீதிபதிங்களைக் கொக்கியில தொங்கவிட்டிருக்கேன். ஒருத்தர் கூட நான் யாருன்னு தெரியுமான்னு கேட்டதில்லையே."

சிமெண்ட் கடை முதலாளி மேசைக்குப் போய் இடது கிண்ணத்தில் விரலை விட்டு நக்கினார். முகம் அஷ்டகோணலாகியது. "காய்ச்சல் மாத்திரை. கரைச்சு வச்சிருக்கான்." வலது கிண்ணத்திலும் நக்கினார். "உப்புத் தண்ணி." பிறகு ஏனோ உப்புத் தண்ணீரை இன்னொரு முறை நக்கினார்.

கிளார்க் சாமி வாசலை நோக்கி நகர்ந்தார். ஆனால் அவருடைய விரல்களில் காலையிலிருந்து உப்பு ஊறியிருந்தது. ஆடு பின்னாலேயே போய்க் கையை நக்கியது. அவர் ஓடினார். ஆடும் ஓடியது. தெருக்கோடி வரைக்கும் ஒரு தலைமை நீதிபதி தன் கிளார்க்கைத் துரத்திக்கொண்டு ஓடியதை நான் பார்த்தேன். போகிற போக்கில் அவருடைய வேட்டி நுனியையும் தள்ளுபடி செய்துவிட்டது.

இத்தோடு ஜனங்கள் தெளிந்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள். ஒருத்தர் மெதுவாகக் கேட்டார்: "கிண்ணம்தானே பொய்? ஆடு பொய் சொல்லலையே. ஆட்டை மட்டும் பிடிச்சுட்டு வந்து, கிண்ணம் இல்லாம நீட்டிப் பார்த்தா என்ன?"

பத்துப் பதினைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின.

பூட்டுக்கடைக்காரர் அங்கேயே நின்றிருந்தார். கையில் ஆடு நக்கிய விண்ணப்பம். முதல் பக்க ஓரம் ஈரமாக இருந்தது. மகள் அவரைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், நேரம் அதிகம் இல்லை.

"அப்ப, உனக்கு இடம் கிடைக்குமா கிடைக்காதா?" என்று கேட்டார்.

"தெரியாதுப்பா. படிச்சுப் பார்த்துட்டுத்தான் சொல்லுவாங்க."

"யாரு?"

"படிக்கத் தெரிஞ்சவங்க."

அவர் சுற்றுமுற்றும் பார்த்து எழுத இடம் தேடினார். ஆட்டைப் பிடிக்கக் கயிறு எடுக்கப்போன ஒருத்தரைத் தோளைப் பிடித்துக் குனிய வைத்து, அவர் முதுகில் விண்ணப்பத்தை விரித்துக் கையெழுத்துப் போட்டார். நன்றாக அழுத்திப் போட்டார். "ஓடும்மா" என்றார்.

அவள் கல்லூரிப் பக்கம் ஓடினாள். மற்றவர்கள் கயிற்றோடு ஆட்டின் பக்கம் ஓடினார்கள்.

பெரியவர்களே, வருங்கால வக்கீல்களே, ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். ஆடு விழுங்கியதைக்கூடத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து, இது என்ன என்று இன்னொரு முறை மென்று பார்க்கிறது. நம் ஆட்களுக்கு அந்தப் பழக்கம்கூடக் கிடையாது.