ஏழாம் நம்பர் பயணி

"இந்த வாரமும் வாங்கலை," என்றாள் சாஸ்கியா.

சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் ஒரு சிவப்புப் புள்ளி. மார்கன் தீவுக்குப் போகும் படகின் டிக்கெட் பக்கத்தில், 'பணம் கட்டு' என்ற பொத்தானுக்கு மேலே அது அசையாமல் நின்றது. நாற்பது விநாடி. பிறகு போக மனசே இல்லாதவனைப் போல மெதுவாக விலகி, பக்கத்தின் உச்சிக்கு ஏறி, மறைந்துபோனது.

கெல்வின் ப்ராக்ஸ் கையிலிருந்த பிஸ்கட்டைக் கடிக்க மறந்துவிட்டார்.

"யாரும்மா அது?"

"ஏழாம் நம்பர்."

"பேரு?"

"பேரெல்லாம் கேட்கக் கூடாது கெல்வின். சட்டம். நம்பர் மட்டும்தான்."

ஒரு மனுஷனிடம் பேர் கேட்பது தப்பு. அவன் கை தயங்குவதைச் சுவரளவுக்குப் பெரிதாகப் போட்டுப் பார்ப்பது தப்பில்லை. நல்ல சட்டம்தான் போட்டிருக்கிறார்கள்.

ஹோபார்ட் துறைமுகத்துக்குப் பின்னால், ஒரு காலத்தில் ஆப்பிள் அடுக்கிவைத்த கிடங்கில் நடந்தது அந்தக் கம்பெனி. மொத்தம் மூன்று பேர். முதலாளி லாக்லனுக்கு இருபத்தேழு வயது, காலில் எந்தக் குளிரிலும் செருப்புதான். சாஸ்கியா புரோகிராம் எழுதுகிறவள். ஒரு வெப்சைட்டுக்குள் வருகிறவர்களின் கை எங்கே போகிறது, எங்கே தடுமாறுகிறது, எங்கே சலித்துப்போகிறது என்று பதிவு செய்து காட்டும் கருவியை இரண்டு பேரும் செய்துகொண்டிருந்தார்கள். வாரம் பூராவும் பதிவானதைத் தொகுத்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரையில் ஓட்டி, எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று பார்ப்பது வழக்கம்.

மூன்றாவது ஆள் கெல்வின். ஐம்பத்து நாலு வயது. மீன் ஃபாக்டரியை இழுத்து மூடும்வரை அங்கே மீன் வெட்டியவர். இங்கே பன்னிரண்டு வாரச் சோதனை வேலை. கம்பெனியின் ஒரே வாடிக்கையாளரான படகுக்காரி டோரீனைப் பேசிச் சமாதானமாக வைத்துக்கொள்ள வேண்டும், காலையில் காப்பி மெஷினில் தண்ணீர் ஊற்ற வேண்டும், தினமும் ஒரு தரம் டோரீனின் வெப்சைட்டைத் திறந்து எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், குப்பையை வெளியே வைக்க வேண்டும். டோரீனைப் பிடித்துக் கொண்டுவந்தவரே கெல்வின்தான். இருவரும் இருபது வருஷம் ஒரே மேசையில் மீன் வெட்டியவர்கள்.

கம்ப்யூட்டர்க்காரன் சொல்வதில் பாதிக்கு மேல் புளுகு என்பது கெல்வினின் தீர்மானம். ஆனால் அந்தச் சிவப்புப் புள்ளி அவரை அசைத்துவிட்டது. முகம் இல்லை, குரல் இல்லை. இருந்தாலும் ஒரு மனுஷனின் மனசு சுவரில் ஊர்ந்து போவதைக் கண்ணால் பார்த்தாயிற்றே!

"பொத்தான் கண்ணுக்குத் தெரியலையோ என்னவோ. பெரிசாக்குங்க," என்றார்.

பெரிதாக்கினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஏழாம் நம்பர் அதே பொத்தானின் மேல் இரண்டு நிமிஷம் நின்றார். அதன் நாலு ஓரத்தையும் மெதுவாகச் சுற்றி வந்தார், புது வீட்டுக்கு வந்தவன் சுவரைத் தடவிப் பார்க்கிற மாதிரி. வாங்கவில்லை.

"கலரை மாத்துவோம்," என்றான் லாக்லன்.

பச்சை அடித்தார்கள். ஏழாம் நம்பர் வந்தார், பச்சையைப் பார்த்தார், மேலே போனார், மறுபடி கீழே வந்து பார்த்தார். வாங்கவில்லை.

"பேச்சுத் துணை இல்லாம பயப்படுறாரோ?" என்றாள் சாஸ்கியா. 'உதவி வேணுமா?' என்று கேட்டு ஒரு சின்னப் பெட்டி திடீரென்று எட்டிப் பார்க்கும்படி செய்தாள்.

அந்த வாரம் திரையில் முதல் தடவையாகத் தீப்பிழம்பு மாதிரி ஒரு அடையாளம் எரிந்தது. ஏழாம் நம்பர் அந்தப் பெட்டியைப் படார் படார் என்று இரண்டு அடி அடித்து மூடியிருந்தார்.

"கோபம்!" சாஸ்கியா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "ஒரே இடத்துல ரெண்டு தட்டு தட்டினா கோபம்னு அர்த்தம். பழைய பதிவெல்லாம் திரும்பப் பார்த்தேன் லாக்லன். இவர் எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு தடவைதான் தட்டுறார். முதல் நாள்லேர்ந்தே கோபமா இருக்கார்!"

"இருந்தும் தினம் வர்றார்," என்றான் லாக்லன், குரலைத் தாழ்த்தி. "மத்தியானம் பன்னிரண்டே முக்காலுக்கு, டாண்ணு. மத்தவங்க எல்லாம் ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டு ஓடிட்டாங்க. இவ்வளவு கோபத்தோட இவ்வளவு பொறுமையா இருக்கிற ஒரு மனுஷனை நான் பார்த்ததே இல்லை."

மூன்று பேரும் கோவிலில் நிற்பவர்களைப் போல நின்றார்கள்.

"அது கோபமில்ல," என்றார் கெல்வின் கடைசியில். "தீவுல அவருக்கு யாரோ இருக்காங்க. அண்ணனோ தம்பியோ. பேச்சு வார்த்தை நின்னு வருஷக்கணக்கா ஆயிருக்கும். போகணும்னு வர்றார். பொத்தான்கிட்ட வந்ததும் கௌரவம் தடுக்குது."

சாஸ்கியா மூக்கை உறிஞ்சினாள். கெல்வின் காப்பி மெஷின் பக்கம் போய், பொத்தானை அமுக்கி, அதை நம்பாமல் இன்னொரு தரமும் அமுக்கினார். இரண்டு கோப்பைக் காப்பி வந்து மேசையெல்லாம் வழிந்தது.

"ஐயோ கெல்வின், மறுபடியுமா!"

"இந்த மெஷினுக்குக் காது கேட்கலம்மா."

ஒன்பதாவது வாரம் லாக்லன் கெல்வினைத் தனியாகக் கூப்பிட்டான். கம்பெனிக்குப் பணம் போடுகிற வின்டன் அம்மாள் பன்னிரண்டாவது வெள்ளிக்கிழமை நேரில் வருகிறாராம். மத்தியானமே வருகிறாராம், ஏழாம் நம்பர் வருகிற நேரத்துக்கு.

"அவர் டிக்கெட் வாங்கறதை அந்தம்மா கண்ணால பார்த்துட்டாங்கன்னா நமக்கு இன்னும் ரெண்டு வருஷம் கவலையில்லை. வாங்கலைன்னா..." லாக்லன் தன் செருப்பைப் பார்த்தான். "உங்க சோதனைக் காலமும் அன்னிக்குத்தான் முடியுது, கெல்வின்."

ஐம்பத்து நாலு வயது மீன்வெட்டிக்கு இந்த ஊரில் வேறு எவன் வேலை தருவான்?

"நானே ஒரு டிக்கெட் வாங்கிட்டா என்ன தம்பி?"

"ஐயோ, நம்ம கை அந்தப் பொத்தான்ல படவே கூடாது! அது ஏமாத்து வேலை. கம்பெனி மானமே போயிடும்."

கெல்வின் நாணயமான ஆள். அன்றிலிருந்து தன் தினசரிச் சோதனையின்போதுகூட அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் போவதில்லை என்று முடிவு செய்தார்.

பத்தாவது வெள்ளிக்கிழமை வழக்கம்போலத் திரையைப் போட்டார்கள். ஏழாம் நம்பர் பொத்தானுக்குச் சாண் தூரம் தள்ளியே நின்றுவிட்டார். அதைத் தொடவே பயந்தவர் போல ஒரு ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனார்.

"நாம அவரைத் தொந்தரவு பண்ணிட்டோம்," என்றாள் சாஸ்கியா. கண் கலங்கியிருந்தது.

கெல்வினுக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. மனைவி என்ன என்று கேட்டதற்கு, "ஏழாம் நம்பர் மனசு ஒடிஞ்சுட்டார்," என்றார். அவள் குதிரைப் பந்தயம் என்று நினைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டாவது வெள்ளிக்கிழமை. வின்டன் அம்மாள் வெள்ளி முடியும் மலையேறுகிற பூட்ஸுமாக வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். டோரீன் எண்ணெய்க் கறை படிந்த ஜாக்கெட்டோடு, வழியில் வாங்கிய, கறி அடைத்த ரொட்டியைத் தின்றுகொண்டே வந்தாள். லாக்லன் அன்று மட்டும் ஷூ போட்டிருந்தான்.

"இந்தக் குளிர்காலத்துல எத்தனை டிக்கெட் வித்தது?" என்று டோரீனைக் கேட்டார் வின்டன் அம்மாள்.

"ஒண்ணும் விக்கல. மே மாசம் குளிர் ஆரம்பிச்சதுமே படகைக் கரையேத்திட்டேனே! அடியில பாசி சுரண்டிக்கிட்டு இருக்கோம்."

லாக்லன் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "வெப்சைட்ல அதைப் போடவே இல்லையே?"

"இந்தக் குளிர்ல எவன் வந்து பார்க்கப்போறான்னு விட்டுட்டேன்."

வின்டன் அம்மாள் மெதுவாக எழுந்து நின்றார்.

"படகே இல்லை," என்றார். அவர் கை நெஞ்சின் மேல் இருந்தது. "படகே இல்லாத துறைக்கு ஒரு மனுஷன் தினமும் வந்து நிக்கிறார். எனக்கு அவரைப் பார்க்கணும். இப்பவே."

சாஸ்கியா நேரடிக் காட்சியைத் திரையில் போட்டாள். மணி பன்னிரண்டே முக்கால். யாரும் வரவில்லை. பன்னிரண்டு ஐம்பது. ஒன்று அடித்தது. வின்டன் அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று ஐந்து.

பின்னால் நின்ற கெல்வினால் தாங்க முடியவில்லை. வெப்சைட் ஏதாவது மக்கர் செய்து, பாவம், அந்த மனுஷன் வெளியே நின்று தட்டிக்கொண்டிருக்கிறாரோ? சத்தம் போடாமல் மூலையில் இருந்த தன் மேசைக்குப் போய், உட்கார்ந்து, டோரீனின் பக்கத்தைத் திறந்தார்.

"வந்துட்டார்!" சாஸ்கியா கத்தினாள்.

எல்லோரும் எழுந்தார்கள். கெல்வினுக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. வந்துவிட்டாரா, என் ராசா! முன்னால் நின்ற தலைகளுக்கு நடுவே கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்தார். புள்ளி கீழே இறங்கியது. பயந்து பயந்து பொத்தானை நெருங்கியது. பச்சையின் விளிம்பில் வந்து நின்றது.

"போயிடாதேய்யா," என்று முணுமுணுத்தார் கெல்வின். "அமுக்கு. உன் தம்பிதானே, கௌரவம் என்ன கௌரவம்?"

அவர் கை வெடவெடத்தது. திரையில் புள்ளியும் நடுங்கியது.

"நடுங்குறார் பாருங்க," என்றார் வின்டன் அம்மாள், உடைந்த குரலில். "எழுபது வருஷத்துல இப்படி ஒண்ணை நான் பார்த்ததில்லை."

கெல்வின் வலது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புள்ளி அப்படியே உறைந்து நின்றது. கையைத் திரும்ப மேசையில் வைத்தார். புள்ளி துள்ளியது. அறை முழுக்க "ஆ!" என்றது.

டோரீன் ஒருத்திதான் திரைக்கு முன்னால் போய் நிற்கவில்லை. கை துடைக்கக் காகிதம் தேடிக் கெல்வினின் மேசைப் பக்கம் வந்திருந்தாள். சுவரைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள். மறுபடி சுவரைப் பார்த்தாள். வாயிலிருந்ததை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள்:

"கெல்வின், மவுஸ்லேர்ந்து கையை எடுடா. அந்த மனுஷன் வீட்டுக்குப் போகட்டும்."