அந்த ஒன்பது படங்களை நம்ப வேண்டாம்

வங்காலை,
11.08.2003.

மரிசலீன் அத்தானுக்கும் லூசியா அக்காவுக்கும் தம்பி அமிர்தநாயகம் அன்புடன் எழுதுவது.

புனித அன்னம்மாள் தாயாரின் காவலில் நானும் மாக்கிறட்டும் மகள் ஜெயனியும் இங்கே சுகம். அத்தானுடைய முழங்கால் வலிக்காகப் போன ஞாயிறு பூசையில் ஒரு மெழுகுதிரி ஏற்றினோம். காற்றில் இரண்டு தரம் அணைந்தது, மூன்றாம் தரம் நின்று எரிந்தது. ஆகவே வலி கொஞ்சம் பிந்தித்தான் குறையும் என்று மாக்கிறட் சொல்கிறாள்.

இந்தக் கடிதம் ரொறன்ரோவுக்கு வர எப்படியும் இரண்டு மூன்று கிழமை செல்லும். அதற்கு முன்பே, சனிக்கிழமை மன்னார் ரவுணில் ஒரு கொம்யூனிக்கேசன் கடையிலிருந்து ஜெயனி ஈமெயிலில் அனுப்பிய ஒன்பது படங்களும் உங்களை வந்து சேர்ந்திருக்கும். நான் குடியிருக்கும் உங்கள் வீட்டை அதில் பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டு, அந்த வீட்டைப்பற்றி ஆறு வருடமாக நான் எழுதிய கடிதங்களை அக்கா தேடி எடுத்துத் திரும்ப வாசித்திருப்பா. வாசித்த பிறகு நீங்கள் இருவரும் என்னைப்பற்றி என்ன பேசிக்கொண்டீர்களோ, அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். சுருக்கமாகச் சொன்னால், அந்தப் படங்களை நம்ப வேண்டாம். குற்றம் முழுவதும் கமராவில் இருக்கிறது.

வீட்டை வாங்க அங்கே ஒருவர் ஆசைப்படுகிறார், அவருக்குக் காட்ட உடனே படம் வேண்டும், பிலிம் கழுவித் தபாலில் போட நேரமில்லை, ஒரு டிஜிட்டல் கமரா வாங்கி எடுத்து அனுப்பு என்று வைகாசியில் எழுதியிருந்தீர்கள். நானும் பக்கத்து வீட்டில் வான் ஓட்டும் றொட்னியிடம் சொல்லிக் கொழும்பிலிருந்து ஒன்று எடுப்பித்தேன். சவர்க்காரக் கட்டி அளவு, வெள்ளி நிறம். கம்பனியின் பெயரை நாங்கள் மூன்று பேரும் மூன்று விதமாக வாசித்தோம். பெட்டியின் மேல் ஒரு தசம் மூன்று மெகாபிக்சல் என்று அச்சடித்திருந்தது. அது என்ன என்று றொட்னியைக் கேட்டேன். "அது கூடக் கூட நல்லம் அண்ணை. இது குறைஞ்சது," என்றான்.

எடுத்த படத்தைப் பார்க்கிற திரை விலை கூடிய கமராக்களில்தான் இருக்குமாம். எங்களுடையதில் கைமணிக்கூட்டில் உள்ளதுபோல ஒரு சின்னச் சதுரம், அதில் ஓர் இலக்கம். இன்னும் எத்தனை படம் எடுக்கலாம் என்பதை மட்டும் அது சொல்லும், எடுத்த படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லாது. முதல்நாள் பதினேழு படம் எடுத்தேன். பிறகு சதுரத்தில் CL என்று இரண்டு எழுத்து வந்தது. கிளிக் என்பதன் சுருக்கமாக்கும் என்று எண்ணிப் பொத்தானை அமத்தினேன். பதினேழும் அழிந்தன. அன்னம்மாள் திருவிழாவன்று சுரூபம் வெளியே வந்ததில் இருந்து கொடியிறக்கம் வரை இருபத்தாறு படம் எடுத்தேன். அடுத்தநாள் சுவர் மணிக்கூடு நின்றுவிட்டது என்று மாக்கிறட் கமராவின் பற்றறியைக் கழற்றி அதற்குப் போட்டாள். மணிக்கூடு ஓடியது. பற்றறியைக் கழற்றினால் இந்தக் கமரா படங்களையும் மறந்துவிடும் என்பது எங்களுக்கு யார் சொல்லித் தெரியும். செத்தவீட்டுக்குச் சவக்காலைப் பக்கம் போனாலும் கோயில் கொமிற்றிக்காரர் மறித்து நின்று இன்றைக்கும் படம் கேட்கிறார்கள்.

இப்படிப்பட்ட கமராவின் சாட்சியை எடுத்துக்கொண்டு ஒரு மனிதனுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது, அத்தான். ஜெயனி அந்த ஒன்பதையும் ஒரே கடதாசியில் அச்சடித்துக்கொண்டு வந்தாள், அது இப்போது எனக்கு முன்னால் இருக்கிறது. முதலாவது படத்தில் கூரை ஓடு சிவப்பாக, புதிதுபோலத் தெரிகிறது. மலிவான கமராக்கள் சிவப்பைக் கூட்டித்தான் காட்டும். இரண்டாவதில் மதில் நேராக நிற்கிறது. கமராவை நான் சரித்துப் பிடித்தபடியால் சரிந்த மதில் நிமிர்ந்துவிட்டது. நான்காவதில் விறாந்தைச் சீமெந்து பளபளக்கிறது. அது அன்று பெய்த மழை. மன்னாரில் இந்த மாதத்தில் எங்கே மழை என்று அக்கா கேட்பா. ஆறாவதில் மாக்கிறட் முன் யன்னலைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். அந்த யன்னல் தொண்ணூற்றெட்டு மாரிக்குக் கழன்று விழுந்து போனதாக உங்களுக்கு எழுதியிருந்தேன். விழுந்துபோன யன்னலை ஒரு மனுசி துடைப்பதற்குக் கமராவில் காரணம் தேடினேன். அரை மணித்தியாலம் தேடியும் கிடைக்கவில்லை.

ஆகவே இனி உள்ளதை எழுதுகிறேன்.

இருபத்தெட்டு வருடம் கச்சேரிக் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்தவன் நான். அதில் கடைசிப் பத்து வருடமும் சேதமடைந்த வீடுகளின் விபரம் எழுதியதே வேலை. முழுச் சேதம், பகுதிச் சேதம், கூரை நீங்கியது, குடியிருக்கத் தகுதியற்றது என்று எத்தனை வீட்டுக்கு எழுதியிருப்பேன். அதில் ஒன்று கடற்கரைப் பக்கம் இருந்த என்னுடைய வீடு. அதற்கு முழுச் சேதம் என்று நானே எழுதி நானே ஒப்பம் வைத்தேன். அதன் பிறகுதான் பூட்டிக் கிடந்த உங்கள் வீட்டில் வந்து இருக்கச் சொல்லி அக்கா எழுதினா. அந்த நன்றி எனக்கு இருக்கிறது. ஆனால் வந்து இரண்டு மாரிக்குள் நாங்கள் கூரை ஓடுகளை மாற்றிப் போட்டுவிட்டோம், மாக்கிறட் குசினிச் சுவரைத் தன் கையாலேயே பூசினாள், முற்றத்தில் தேசிமரம் காய்த்தது. வீடு திருந்தத் திருந்த எனக்குப் பயம் பிடித்தது. நல்ல வீடு என்று தெரிந்தால் விற்க நினைப்பீர்கள். ஆகவே வீடு ஒவ்வொரு முறை திருந்தும்போதும் என் கடிதத்தில் ஒவ்வொரு பகுதி விழுந்தது. குசினிக்கு ஓடு போட்ட கிழமை, குசினிக் கூரை நீங்கியது என்று எழுதினேன். கந்தோர்ப் பழக்கம், கை தானாகவே எழுதியது.

சமாதானம் வந்து பாதை திறந்ததும் நீங்கள் படம் கேட்டீர்கள். கமரா வாங்க றொட்னி புறப்பட்டபோது நான் அவனிடம் சொன்னது இதுதான்: "தம்பி, ஆகத் தெளிவாய் விழுறது வேண்டாம். மட்டமானதாப் பார்." அவன் திரும்பி வந்து பெட்டியைத் தரும்போது, "அண்ணை, இதைவிட மட்டமானது கொழும்பிலயே இல்லை," என்றான். அந்த ஒரு விசயத்தில் றொட்னியில் குறை சொல்ல ஏலாது.

தெருவுக்கு அந்தப் பக்கம், எதிர்வளவில் முன்பு சுபத்திரா ரீச்சர் இருந்த வீடு அக்காவுக்கு ஞாபகம் இருக்கும். ரீச்சர் இந்தியாவுக்குப் போய்ப் பதின்மூன்று வருடம். இப்போது அதில் இரண்டு சுவரும் கதவு நிலையில் பாதியும் நிற்கின்றன, உள்ளுக்குள் எருக்கலை முளைத்திருக்கிறது. எனக்கு வேண்டியது அப்படி ஒரு வீடுதான். வியாழக்கிழமை காலை மாக்கிறட் வேலையாக இருந்த நேரம் பார்த்து, கமராவைக் கொண்டு எதிர்வளவுக்குள் போனேன். இடிந்த சுவருக்கு நேரே பிடித்து அமத்தினேன். யாராவது கண்டுவிட்டார்களா என்று உடனே திரும்பி எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தேன். இப்படியே ஒன்பது தரம். அமத்துவதும் திரும்பிப் பார்ப்பதும்.

இந்தக் கமரா அமத்திய உடனே படம் எடுக்காதாம், அத்தான். ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற அளவுக்கு யோசித்துவிட்டுத்தான் எடுக்குமாம். அதுவரை ஆடாமல் பிடிக்க வேண்டும் என்று கூட வந்த கடதாசியில் போட்டிருப்பதைச் சனிக்கிழமை பின்னேரம்தான் ஜெயனி எனக்கு வாசித்துக் காட்டினாள். நான் திரும்பும்போது கமராவும் என்னோடு திரும்பியிருக்கிறது. ஒன்பது படத்திலும் ரீச்சர் வீட்டின் ஒரு கல்லுக்கூட இல்லை. ஒன்பதும் உங்கள் வீடு.

எனக்கு அது தெரியாது. இடிந்த வீடு பத்திரமாக உள்ளே இருக்கிறது என்ற நம்பிக்கையில் கமராவைப் பிள்ளையிடம் கொடுத்து, மாமாவுக்கு அனுப்பிவிடு என்றேன். அவள் மத்தியானம் சிரித்துக்கொண்டு வந்தாள். "அப்பா, நீங்கள் எடுத்ததில எங்கட வீடு என்ன வடிவா விழுந்திருக்குது. ஒன்பதையும் அனுப்பிட்டன். மாமா ஆக்கள் பாத்தா உடன வெளிக்கிட்டு வருவினம்."

மாக்கிறட் கடதாசியை வாங்கி, தான் யன்னல் துடைக்கிற படத்தில் விரலை வைத்தாள்.

"இஞ்சாருங்கோ, நான் யன்னல் துடைக்கேக்க நீங்கள் எதிர்வளவுக்க நிண்டு என்ன செய்தனீங்கள்?"

"படம் எடுத்தனான்."

"எங்கட வீட்டை எடுக்கிறதெண்டா முற்றத்தில நிண்டெல்லோ எடுக்க வேணும். ரீச்சரின்ர இடிஞ்ச வீட்டையோ எடுத்தனீங்கள்?"

"ஓம்."

"மச்சாளுக்கு அனுப்பவோ?"

"ஓம்."

அதற்குப் பிறகு ஆறு வருடக் கடிதங்களையும் ஒவ்வொன்றாகச் சொல்ல வைத்தாள். நான் எழுதுவதை அவள் வாசிப்பதில்லை, கந்தோர்த் தமிழ் தனக்கு விளங்காது என்பாள். யன்னல் விழுந்ததையும் மதில் சரிந்ததையும் பொறுத்துக்கொண்டாள். குசினிக்கு வந்ததும் எழும்பிவிட்டாள். "என்ர கையால பூசின குசினி. அதுக்குக் கூரை இல்லையெண்டோ எழுதினீங்கள்? ஆறு வருசமா மழையில நனைஞ்சு சமைக்கிறவள் எண்டெல்லோ மச்சாள் என்னை நினைச்சிருப்பா." அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு மூடி வைக்கப்படுகிறது. பேச்சு ஜெயனி ஊடாக நடக்கிறது.

அத்தான், வீடு உங்களுடையது. அக்காவின் சீதன வீடு. விற்பதென்றால் விற்கலாம், குறுக்கே நிற்க எனக்கு வாய் இல்லை. ஜெயனியின் கொம்பியூட்டர் படிப்பு பங்குனியில் முடிகிறது. அதுவரை இருக்க விட்டால் போதும். அதற்குள் பாப்பாமோட்டைப் பக்கம் ஒரு சின்ன வீடு பார்த்துக்கொள்வோம். நான் எழுதிய பொய்களில் ஒன்றுகூட உங்களுக்குக் கெடுதல் செய்ய எழுதியதில்லை என்று சொல்ல வந்தேன், யோசித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே காரணத்துக்காகத்தான் எழுதினேன். இன்னொரு தரம் வீடு இல்லாதவனாக என் கையால் எழுதிக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை.

மடுத் தாயின் திருநாள் வெள்ளிக்கிழமை. உங்கள் பிள்ளைகள் எல்லோருடைய பெயரையும் சொல்லி மன்றாடுவோம். கோபம் தணிந்த ஒரு நாளில் இரண்டு வரி எழுதுங்கள். தணியாவிட்டாலும் எழுதுங்கள்.

உங்கள் அன்பு மறவாத தம்பி,
ச. அமிர்தநாயகம்
(ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்)

பி.கு. 13.08.2003, புதன். முத்திரை வாங்கி வைத்தும் இரண்டு நாளாகக் கடிதத்தைப் போடவில்லை. இன்று மத்தியானம் ஜெயனி ரவுணிலிருந்து அக்காவின் பதிலை அச்சடித்துக்கொண்டு வந்தாள். இங்கிலிஸ் எழுத்தில் அக்கா எழுதிய தமிழை அவளே வாசித்தாள்.

"தம்பி, படம் கிடைச்சுது. தீப்பெட்டி அளவில வந்தது. அத்தான் கொம்பியூட்டரில பெருப்பிச்சுப் பாத்தார். முழுக்கச் சதுரம் சதுரமா உடைஞ்ச கல்லுக் குவியல். நீ எழுதினது அவ்வளவும் உண்மை. அத்தான்தான் உன்னை நம்பாமல் படம் கேட்டவர், இப்ப தலையைக் குனிஞ்சுகொண்டு இருக்கிறார். ஒரு படத்தில அந்தக் கல்லுக்குள்ள ஆரோ ஒரு பொம்பிளை நிக்கிறா. அது மாக்கிறட் எண்டு தெரிஞ்சதும் அழுதிட்டன். வாங்க வந்தவர் படத்தைப் பாத்திட்டு வேண்டாமெண்டு போட்டார். இனி அதை வித்து என்ன. ஜெயனியின்ர பேரில வீட்டு உறுதிப்பத்திரம் எழுதிவிடுறம். மெல்ல மெல்லத் திருத்திக்கொண்டு இருங்கோ."

லைன் மந்தம் என்று கடைக்காரர் படங்களைச் சுருக்கி அனுப்பினாராம். ஜெயனிக்கு அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லையாம்.

நான் இந்தக் கடிதத்தை மெதுவாகப் பேப்பருக்குக் கீழே தள்ளினேன். நாலு நாளைக்குப் பிறகு மாக்கிறட் என்னோடு நேரே பேசினாள்.

"அதை எடுங்கோ. கொண்டுபோய்ப் போடுங்கோ."

"மாக்கிறட், வீடு போயிடும்."

"போனாப் போகட்டும். அழுதிருக்கிறா மனுசி."

"உறுதி எழுதி முடியட்டும். அதுக்குப் பிறகு அனுப்புவம். ஒரு மாதம்தானே."

"உறுதியை வாங்கிப்போட்டு அனுப்பினா அதுக்கு வேற பேர்," என்றாள்.

ஆகவே, அக்கா, நீங்கள் கண்டது கல்லுக் குவியல் இல்லை. அது நல்ல வீடு. அழ வேண்டாம். உறுதி எழுதுவதா விடுவதா என்பதை ஒருமுறை வந்து கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். மாக்கிறட் கோயில் சீலை உடுத்து, குடையும் கையுமாக வாசல் படலையில் நிற்கிறாள். மன்னார்த் தபால் கந்தோர் வரைக்கும் கூட வாறாளாம். நான் கடிதத்தைப் பெட்டிக்குள் போடுவதைத் தான் நின்று பார்க்க வேண்டுமாம்.