ஒரே கன்னத்தில் இரண்டு வைத்தியம்

என் முகத்தை நானே வேகவைத்துக்கொண்டவன் நான். அடுப்பில் இல்லை, கண்ணாடிக்கு முன்னால் நின்று, விரலால் பொறுமையாகத் தடவித் தடவி. அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. பி.காம். பட்டமும், அருப்புக்கோட்டையில் அப்பாவின் பலசரக்குக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலும் இருந்தன. இவ்வளவு தகுதிகளோடுதான் அதைச் செய்தேன்.

பருக்கள் பள்ளிக்கூட வயதில் வந்து கல்லூரியோடு விடைபெற்றுவிடும் என்பார்கள். என்னுடையவை டிகிரி முடித்தும் வேலை கிடைக்காமல் என்னோடு வீட்டிலேயே தங்கிவிட்டன. அந்த நேரம் பார்த்துப் பந்தல்குடியிலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தி வந்தது. பெண்ணின் போட்டோ வந்தது. என் போட்டோ போனது. (ஸ்டூடியோக்காரர் நெகட்டிவில் பென்சிலால் 'டச்சப்' செய்து என் கன்னத்தை வாழைத்தண்டாக மாற்றியிருந்தார். பெற்ற தாயே "யாருடா இது?" என்று கேட்டாள்.) அவர்களுக்குப் போட்டோ பிடித்துவிட்டது. எனக்கோ அந்தப் பெண்ணின் போட்டோவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துவைக்க மனசில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை நேரில் வரச் சொன்னார்கள். அதற்குள் நான் என் போட்டோவைப் போல ஆகியாக வேண்டும்.

டாக்டரிடம் ஓடினேன். ஒரு மாதமாக அவர் கொடுத்த டியூப்பைத்தான் தடவிக்கொண்டிருந்தேன். அதுவரை அதன் ஒரே சாதனை, பட்ட துணியையெல்லாம் வெளுத்ததுதான். நீலத் தலையணை உறை திட்டுத்திட்டாக வெள்ளையாகியிருந்தது. அம்மா மட்டும் நம்பிக்கை இழக்கவில்லை. "துணியையே இந்தப் பாடு படுத்துதே, மூஞ்சியவா விட்டுரும்?"

"டாக்டர், வேற மருந்துக்கு மாத்திரலாமா?" என்றேன்.

"வேண்டாம்ப்பா. இது கேக்க ரெண்டு மூணு மாசம் ஆகும். நடுவுல மாத்துனா எது கேட்டுச்சுன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்கப் போறோம்."

"அது மருந்துக்குத் தெரியாதுல்ல" என்றார் டாக்டர்.

மறுநாள் திருச்சுழி வைத்தியர் எண்ணெய் வாங்கக் கடைக்கு வந்தார். என் முகத்தைப் பார்த்தார். பையிலிருந்து மஞ்சளாக ஒரு கந்தகக் களிம்பை எடுத்து, "டியூப்பத் தூரப் போடுங்க தம்பி. இதத் தடவுங்க" என்றார். டப்பாவைத் திறந்தால், வெடித்த பட்டாசு வாடை.

மாற்றலாமா, வேண்டாமா? அன்று இரவு சாப்பாட்டில் அதுதான் பேச்சு. அப்பா மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "டாக்டரு மாசச் சாமான் பூராம் நம்மகிட்டத்தான் எடுக்காரு. வைத்தியரு எண்ணெய டின்னு டின்னாத் தூக்கிட்டுப் போறாரு. எவுக மருந்த விட்டாலும் அவுக மூஞ்சியில எப்படிலே முழிக்க?"

எனவே காலையில் டாக்டர், ராத்திரியில் வைத்தியர் என்று முடிவானது. இரண்டு வாடிக்கைகளும் தப்பின. கன்னத்தின் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. (நான் என் பங்குக்கு, ஆர்வக்கோளாறில், மத்தியானம் இரண்டையும் குழைத்து ஒரு பூச்சுப் பூசினேன்.)

வெள்ளிக்கிழமை காலையில் முகம் வீங்கி, நீர்க்கொப்புளம் கட்டி, ஓரங்களில் உரிந்துகொண்டிருந்தது. நாள் குறித்தாயிற்று, போகாவிட்டால் தப்பாக நினைப்பார்கள். மேலே பவுடரை அப்பிக்கொண்டு, புது மெரூன் சட்டையில், சித்திரை வெயிலில் அப்பாவோடு பஸ்ஸில் போனேன். பந்தல்குடியில் இறங்கியபோது பவுடர் குழம்பாகியிருந்தது.

கதவைத் திறந்தவர் பெண்ணின் சித்தி. என்னைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அய்யய்யோ, ஆத்தால்ல வந்திருக்கா! அம்மை போட்ட பிள்ளையவா வெயில்ல கூட்டிட்டு வந்தீக?"

அவ்வளவுதான். பெண்ணின் அப்பா செருப்பைக் கழற்றினார். யாரோ வேப்பங்கொத்து ஒடித்து வந்தார்கள். என்னை வேப்பிலை மேல் படுக்க வைத்து விசிறினார்கள். வாழ்க்கையில் அவ்வளவு மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால், ஆத்தா இறங்கும்வரை நல்ல காரியம் பேசக்கூடாது, அதற்குள் வேறு ஜாதகம் வந்தாலும் வரும் என்று சித்தி சொன்னபோது என் கை சட்டைப்பையிலிருந்த போட்டோவைத் தேடியது. அம்மை இல்லை, பரு என்று சொன்னால் வாழைத்தண்டுக் கன்னம் பொய் என்றாகிவிடும். சொல்லாவிட்டால் பெண் போய்விடும். அப்பாவைப் பார்த்தேன்.

"ஆமா, காலையிலருந்தே லேசாக் காச்சலு" என்றார் அப்பா. சம்பந்தம் முறிந்தாலும் மரியாதையாக முறியட்டும் என்பது அவர் கணக்கு. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போது இளநீரோடு பெண் வந்தாள்.

"கிட்டப் போகாதடி!" என்றார் சித்தி.

பெண் வாசற்படியிலேயே நின்றாள். மாப்பிள்ளை முன்னால்தான் வெட்கம், நோயாளி முன்னால் எதற்கு என்று நினைத்தாளோ என்னவோ, நிமிர்ந்து நன்றாகவே பார்த்தாள்.

"ஏன் சித்தி, அம்மை சட்டைக் காலரையுமா வெளுக்கும்?"

எல்லோரும் என் காலரைப் பார்த்தார்கள். மெரூனில் வெள்ளை வெள்ளையாகத் தீவுகள்.

"என் தாவணியும் இப்படித்தான் போச்சு. அதே டியூப்புத்தான். இவுக அதுமேல வேற என்னத்தையோ போட்டுத் தொலச்சிருக்காக. பட்டாசு நாத்தம் அடிக்குது."

சித்தி அவள் வாயைப் பொத்தினார். தாமதமாகிவிட்டது. அப்போதுதான் நானும் பார்த்தேன்: அவள் பவுடருக்கு அடியில் என் பருக்களின் உடன்பிறப்புகள். போட்டோவில் அவளும் வாழைத்தண்டுதான். அவர்கள் ஊர் ஸ்டூடியோக்காரரிடமும் ஒரு பென்சில் இருந்திருக்கிறது.

விசிறி நின்றுவிட்டது. பிறகு அப்பா தொண்டையைச் செருமினார்.

"சரக்கு ரெண்டு பக்கமும் ஒரே தரம்தான் போலிருக்கு, சம்பந்தி."

பெண்ணின் அப்பா முதலில் சிரித்தார். நான் வேப்பிலையை உதறிவிட்டு எழுந்து, மாப்பிள்ளையாக உட்கார்ந்தேன். இளநீரை அவளே கொண்டுவந்து கொடுத்தாள். "ரெண்டையுமா போடுவாக?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டாள். நான் இளநீரை ஒரே மூச்சில் குடித்தேன்.

ஆவணியில் கல்யாணம். கொப்புளம் ஆறியதும், அவள் மேற்பார்வையில், டாக்டர் மருந்தை மட்டும் தடவினேன். தலைதீபாவளிக்குப் பந்தல்குடி போனபோது முகத்தில் ஒரு பரு கிடையாது. வேண்டுமென்றே வெளிச்சமாகப் பார்த்து, கூடத்தின் நடுவில் உட்கார்ந்தேன்.

சித்தி அடுப்படி வாசலில் நின்று என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் என் மனைவியிடம் ரகசியமாகப் பேசினார். (சித்தியின் ரகசியம் பரளச்சி வரை கேட்கும்.)

"பாவம்த்தா, அன்னைக்கு வந்தது ஆத்தாதான். அநியாயமாப் பரு மேல பழியப் போட்டுட்டோம்."