மச்சானுக்கு எஸ்எஸ்டி, அக்காவுக்கு ஹார்ட் டிஸ்க்

"எஸ்எஸ்டியா, ஹார்ட் டிஸ்க்கா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க சார். கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து வெச்சுக்கிட்டு நிக்கிறேன்."

ஹெட் கிளார்க் மெக்கானிக்கின் உள்ளங்கையில் இருந்த, எஸ்எஸ்டி என்ற அந்தக் கறுப்புத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டுக்கட்டில் பாதி கனம்கூட இல்லை.

"இதுக்குள்ள என்ன சுத்துது?"

"ஒண்ணும் சுத்தாது சார்."

"அப்போ எது ஓடுது?"

"எதுவும் ஓடாது. சும்மாவே இருக்கும். ஆனா வேலை நடந்துடும்."

ஹெட் கிளார்க்குக்கு மெய் சிலிர்த்தது. அவருடைய அலுவலகத்தில் சும்மா இருக்கும் கலையில் எல்லோரும் தேர்ந்தவர்கள். அதற்குப் பிறகு வேலையும் நடந்துவிடும் என்பதைத்தான் அவர் வாழ்நாளில் முதல்முறையாகக் கேள்விப்படுகிறார்.

"ஒரே சிக்கல், இது சின்ன சைஸ்" என்றார் மெக்கானிக். "உங்க போட்டோ பாதிதான் இதுல அடங்கும். மீதி பழைய ஹார்ட் டிஸ்க்குலயே கிடக்கட்டும்."

எல்லாம் போட்டோவுக்காகத்தான். மகளுக்கு நிச்சயதார்த்தம். மண்டபத்தில் பெரிய திரையில் குடும்பப் படங்களை ஓட்ட வேண்டும். ஆனால் படங்களைவிடப் பெரிய பிரச்சினை, படத்தில் இருந்த மனிதர்கள். பல வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண குரூப் போட்டோவில், ஹெட் கிளார்க்குடைய மச்சானின் தோள், ஹெட் கிளார்க்குடைய அக்கா புருஷனின் முகத்தை முழுதாக மறைத்துவிட்டது. வேண்டுமென்றே மறைத்த தோள் என்றார் அக்கா. பின்வரிசையில் நின்ற முகத்தின் தப்பு என்றார் மச்சான். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. ஒருவர் வரும் விசேஷத்துக்கு மற்றவர் வருவதில்லை.

மகள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "அத்தையும் மாமாவும் ஒரே மேடையில எனக்கு ரெண்டு பக்கமும் நிக்கணும்ப்பா. இல்லேன்னா நிச்சயமே வேண்டாம்."

படங்களைப் பார்த்தால் பழைய பாசம் பொங்கும் என்பது ஹெட் கிளார்க்கின் நம்பிக்கை. படங்களைக் கோப்பு பிரிப்பதுபோல இரண்டாகப் பிரித்தார். அவர் வழி ஒன்று, மனைவி வழி ஒன்று. எந்த வழி எஸ்எஸ்டியில் என்று யோசிக்க அவருக்கு நேரமே தேவைப்படவில்லை. மனைவி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"எங்கண்ணனை வேகமா இருக்குறதுல போடுங்க" என்றார் மனைவி, புடவைத் தலைப்பைச் சரிசெய்தபடி.

போட்டாயிற்று.

அன்று வீட்டில் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். முன்பெல்லாம் பட்டனை அழுத்திவிட்டு ஹெட் கிளார்க் குளித்து, துணி காயப்போட்டு, பேப்பர் படித்துவிட்டு வந்தாலும் கம்ப்யூட்டர் அப்போதுதான் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும். இப்போது பட்டனை அழுத்தி, நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் திரை விடிந்துவிட்டது. அவர் பார்க்கத் தவறிவிட்டார். அணைத்துவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் தவறவிட்டார். மூன்றாவது முறை நின்றுகொண்டே அழுத்தினார்.

"அம்மாடி!" என்றார்.

மேல்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். மேல்வீட்டுக்காரர் தன் மாமியாரைக் கூட்டி வந்தார். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். யாரும் சொல்லவில்லை, தானாகக் கழன்றுவிட்டது.

மறுநாள் அக்கா வந்தார். ஹெட் கிளார்க் பதற்றத்தில் தவறான ஃபோல்டரைத் தட்ட, மச்சான் குடும்பம் முழுவதும் பளிச்சென்று வந்து நின்றது. அக்கா முகம் சுளித்தார். ஹெட் கிளார்க் அவசரமாக அக்காவின் ஃபோல்டரைத் தட்டினார். தூங்கிக்கொண்டிருந்த ஹார்ட் டிஸ்க் விழித்துக்கொண்டது. கர்ர்ர். டொக். கர்ர்ர். திரையில் வெள்ளைக் கட்டங்கள் வரிசையாக நின்றன. ஒரு கட்டத்தில் அத்தான் வந்தார். அவருக்கு வெகுநேரம் கழித்து அக்கா வந்தார்.

"என்னடா தம்பி இது? அவங்க ஆளுங்க கூப்பிடுறதுக்குள்ள வந்து நிக்கிறாங்க. நாங்க மட்டும் கடைசி பஸ்ஸைப் பிடிச்சு வர்ற மாதிரி வர்றோம்?"

"அது ஹார்ட் டிஸ்க்குக்கா. தட்டு சுத்தி…"

"நான் ஏன்டா சுத்தணும்? அவங்களைச் சுத்தச் சொல்லு!"

அக்கா தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

"பேசாம ரெண்டையும் மாத்தி வெச்சிடுங்களேன்" என்றார் மனைவி, மெல்ல.

சொந்த அண்ணனை மெதுவான டிஸ்க்குக்கு அனுப்பச் சம்மதிக்கும் பெருந்தன்மையைக் கண்டு ஹெட் கிளார்க் நெகிழ்ந்துபோனார். அக்காவை எஸ்எஸ்டிக்கு ஏற்றி, மச்சானை ஹார்ட் டிஸ்க்குக்கு இறக்கினார்.

அடுத்த நாள் காலையிலேயே அக்காவின் போன். "ஏன்டா, அந்த எஸ்எஸ்டி போச்சுன்னா சொல்லாம கொள்ளாம ஒரேயடியாப் போயிடுமாமே?"

"சில சமயம் அப்படி…"

"ஹார்ட் டிஸ்க்குன்னா கரகரன்னு கத்தி, நாலு பேருக்குத் தெரியப்படுத்திட்டுத்தான் போகுமாம். அவங்க பத்திரமா இருக்கணும், நாங்க மட்டும் திடீர்னு போயிடணும். அப்படித்தானே?"

"இதெல்லாம் யாருக்கா உங்களுக்குச் சொன்னது?"

"விவரம் தெரிஞ்சவங்க சொன்னாங்க!"

போனை வைப்பதற்குள் வாசலில் மச்சான். "மாப்பிள்ளை, என்னை ஏதோ பழைய தட்டுல தள்ளிட்டீங்களாமே?"

"தள்ளலை மச்சான். அதுல இடம் தாராளமா…"

"இடம் தாராளமா இருக்கும்னுதான் ஊர்ல குப்பையையும் ஒதுக்குப்புறத்துல கொட்டுறாங்க."

ஹெட் கிளார்க் மெக்கானிக்கிடம் ஓடினார். மெக்கானிக் பெரிய எஸ்எஸ்டி ஒன்றை மாட்டினார். எல்லோரும் வேகமானதிலேயே இருக்கலாம். பாதுகாப்புக்காக எல்லோருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதியும் இருக்கும். வேகமும் ஆயுளும் ஒரே பெட்டியில்! இப்படி ஒரு சமநீதி எந்த அரசாங்கத்துக்கும் வாய்த்ததில்லை என்று ஹெட் கிளார்க்குக்குத் தோன்றியது.

"ரெண்டு வீட்டையும் ஒரே நேரத்துல கூப்பிட்டுக் காட்டிடுங்க" என்றார் மனைவி.

கூப்பிட்டார். பெண்ணின் நிச்சயதார்த்த விஷயம் என்பதால் இருவரும் வந்தார்கள். கூடத்தின் ஒரு கோடியில் அக்கா, மறு கோடியில் மச்சான். அக்கா ஜன்னலைப் பார்த்தார். மச்சான் மின்விசிறியைப் பார்த்தார். மகள் நடுவில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஹெட் கிளார்க் தட்டினார். அக்கா குடும்பம் பளிச். மறுபடி தட்டினார். மச்சான் குடும்பம் பளிச். கர்ர்ர் இல்லை, டொக் இல்லை. காலமே கைகட்டி நின்றதுபோல ஒரு நிசப்தம்.

"அடேயப்பா" என்றார் மச்சான், தன்னை மறந்து.

அக்காவின் வாயும் திறந்திருந்தது. மூடும்போது ஒரு கேள்வி வந்தது. "தம்பி, இதுல இருக்குறது ஒரிஜினலா, காப்பியா?"

வேறு யாராவது என்றால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார்கள். ஒரிஜினலுக்கும் காப்பிக்கும் வித்தியாசம் பார்த்தே வயதானவர் ஹெட் கிளார்க்.

"கண்டிப்பாச் சொன்னா காப்பிதான்க்கா. நீங்க முதல்ல ஹார்ட் டிஸ்க்குல இருந்தீங்க. அதுலேர்ந்து சின்ன எஸ்எஸ்டிக்கு ஒரு காப்பி. அதுலேர்ந்து இதுக்கு. ஆக, நீங்க காப்பிக்குக் காப்பி."

"அப்போ நான்?" என்றார் மச்சான்.

"நீங்களும் காப்பிதான் மச்சான். ரெண்டு பேரும் சரிசமம். வேணும்னா ஃபோல்டர் பேர்லயே 'உண்மை நகல்'னு போட்டுடலாம்."

மச்சான் எழுந்தார். "நானும் காப்பி, அந்தக்காவும் காப்பியா? பெரிய குடும்பத்துப் பொம்பளை. அவங்களைப் பார்த்து இப்படிச் சொல்லலாமா மாப்பிள்ளை?"

மகள் நகம் கடிப்பதை நிறுத்தினாள்.

அக்கா மெதுவாக மச்சான் பக்கம் திரும்பினார். "கேளுங்க தம்பி. நம்ம ரெண்டு குடும்பத்தையும் இவன் ஆபீஸ் ஃபைல் மாதிரி இங்கேயும் அங்கேயும் தூக்கிப் போடுறான்."

"நீங்க சொல்லுங்கக்கா. சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தானா?"

"பிறந்ததுலேர்ந்தே!"

மச்சான் நாற்காலியை அக்கா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அக்கா தனக்கு வைத்திருந்த தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினார். ஹெட் கிளார்க்கைக் குறை சொல்வதில் குழந்தைப் பருவத்தை அக்கா ஏற்றுக்கொள்ள, கல்யாணத்துக்குப் பிந்தைய காலத்தை மச்சான் ஏற்றுக்கொண்டார். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் தொடர்ந்தார். தோளைப் பற்றியோ முகத்தைப் பற்றியோ யாருக்கும் ஞாபகமே வரவில்லை. முடிவில் இருவரும் சேர்ந்து தீர்ப்புச் சொன்னார்கள். மேடையில் பெண்ணுக்கு இந்தப் பக்கம் அத்தை, அந்தப் பக்கம் மாமா. அப்பன் ஓரமாக நிற்கட்டும்.

மகள் இருவரையும் ஒருசேரக் கட்டிக்கொண்டாள்.

ஹெட் கிளார்க்குக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ வருடச் சண்டை, சத்தமே இல்லாமல் ஒரு நொடியில் காணாமல் போய்விட்டதே! எதுவும் சுற்றவில்லை, எதுவும் ஓடவில்லை. அவர் எழுந்துபோய் கம்ப்யூட்டர் பெட்டியைப் பயபக்தியோடு தொட்டுப் பார்த்தார்.

மேஜையில் மனைவியின் போன் அடித்தது. மனைவி உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தார். ஹெட் கிளார்க் எடுத்துக் காதில் வைத்தார். அவர் ஹலோ சொல்வதற்குள் மெக்கானிக்கின் குரல் பேசத் தொடங்கிவிட்டது.

"அக்கா, நீங்க சொன்னபடியே ரெண்டு வீட்டுக்கும் போன் போட்டு நல்லா ஏத்திவிட்டேனே, இப்போ ரெண்டு பேரும் ஒண்ணு சேர்ந்து சாரைத் திட்டுறாங்களா, இல்ல இன்னும் கொஞ்சம் ஏத்தணுமா?"