ஓடி ஓடி ஓய்வெடுத்த விசில் சார்

ஓய்வெடுப்பதை இவ்வளவு கஷ்டமான உத்தியோகமாக மாற்றிய மனிதர் உலகத்தில் விசில் சாரைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது. அவரோடு சேர்ந்து நான்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுத்ததில் நான் மூன்று கிலோ இளைத்துப்போனேன்.

எண்பதுகளில் செஞ்சி பஸ் ஸ்டாண்டில், பஸ் முதலாளிகள் சேர்ந்து வைத்திருந்த டைம் கீப்பர் அவர். நிஜப் பெயர் அவர் வீட்டு ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். கழுத்தில் கயிறு கட்டிய விசில், கையில் வாட்ச், வாயில் திட்டு. ஒரு பஸ் அரை நிமிஷம் கூடுதலாக நின்றால் போதும், படியேறிப் போய் டிரைவரின் காதுக்குள்ளேயே ஊதிவிட்டு வருவார்.

நான் எதிரே பார்சல் ஆபீசில் இருந்தேன். மூட்டைகளைக் காவல் காக்கும் வேலை. மூட்டைகள் எங்கும் ஓடாது என்பதால் அவற்றின் மேலேயே படுத்துத் தூங்குவேன். விலாசம் ஒட்டாத மூட்டை என்று நினைத்து ஒரு லோடுமேன் என்னை விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றப் பார்த்ததிலிருந்து ஊரில் என் பெயரே பார்சல்.

ஒருநாள் விசில் சாரின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிப் பார்த்த டாக்டர் மிரண்டுபோனார். ஒரு மாதத்துக்குள் பிரஷர் இறங்காவிட்டால் வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுவேன், ஞாயிற்றுக்கிழமையாவது மலை, மரம் என்று பார்த்துக்கொண்டு அமைதியாக இருங்கள் என்று சொல்லிவிட்டார். விசில் போய்விட்டால் விசில் சார் வெறும் சார்தானே? அந்தப் பயத்தில் நேராக என்னிடம் வந்தார்.

"பார்சலு, எழுந்திரு. நீ எப்டியா இப்டி தூங்குற? டெக்னிக்கு இன்னா?"

"ஒன்னும் இல்ல சார். கண்ண மூடுவேன்."

"அப்பறம்?"

"அப்பறம் நீங்க எழுப்பிடுவீங்க."

அந்த வாரமே 'இயற்கை ஓய்வுச் சங்கம்' உதயமானது. தலைவர் அவர். செயலாளர் நான். உறுப்பினர், டீக்கடை பாய். ஞாயிறுதோறும் விடியற்காலை ஐந்தரைக்குக் கோட்டை அடிவாரத்தில், திருவண்ணாமலை ரோட்டு வளைவை ஒட்டிய பாறையில் கூட வேண்டும். வருகைப் பதிவேடு உண்டு. ஐந்து முப்பத்திரண்டுக்கு வந்தால் சிவப்பு மை. முதல் விசிலுக்கு உட்கார வேண்டும். இரண்டாவது விசிலுக்குக் கண்ணை மூட வேண்டும். மூன்றாவது விசிலுக்கு மன அமைதி அடைந்துவிட வேண்டும்.

"எனக்கு இன்னும் வரல சார்" என்று பாய் ஒருமுறை உண்மையைச் சொல்லிவிட்டார். அவருக்குத் தனியாக ஒரு விசில் கிடைத்தது.

இயற்கையிடம் பாடம் கற்பதிலும் தலைவர் கறார். "அந்த ஓணானப் பாரு... வேணாம், அது தலைய ஆட்டினே இருக்குது, டென்ஷன் புடிச்சது. எருமையப் பாரு!" பாறைக்குக் கீழே குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் கிடந்த எருமையை அங்கேயே உபதலைவராக நியமித்தார். கூட்டத்துக்கு லேட்டாகவே வராத ஒரே நிர்வாகி அதுதான்.

எல்லாவற்றையும் கெடுத்தது பஸ் ஆரன். வளைவில் எந்த பஸ்ஸும் ஆரன் அடிக்காமல் போகாது. கேட்டதும் சார் துள்ளி எழுந்துவிடுவார். "திருவண்ணாமலைலேர்ந்து வர்ற ஏழு பத்து வண்டி! ஸ்டாண்டுக்குள்ள ரெண்டு நிமிஷம் லேட்டா நுழையப் போறான் பாரு!" மூன்று வாரம் முடிந்தும் பிரஷர் இம்மியும் இறங்கவில்லை. சிவப்பு மையை நினைத்து நினைத்து என் தூக்கம் போனதுதான் மிச்சம்.

நான்காவது ஞாயிறு. மறுநாள் டாக்டரிடம் போக வேண்டும். மூன்றாவது விசிலுக்காக சார் கையைத் தூக்கினார். பின்னாலிருந்து ஒரு குரங்கு பாய்ந்து விசிலைக் கயிற்றோடு பிடுங்கிக்கொண்டு பாறை உச்சிக்குப் போய்விட்டது.

"யோவ் பார்சலு, ஏறிப் புடியா!"

"மூட்ட எங்கியாவது மலையேறுமா சார்?"

கல்லெறிந்தார், கெஞ்சினார், பாறையை எட்டுச் சுற்றுச் சுற்றினார். முடியாமல் மூச்சிரைக்க உட்கார்ந்துவிட்டார். குரங்கு விசிலைக் கடித்துப் பார்த்தது. பிரயோஜனமில்லை என்று ஓரமாக வைத்தது. இன்னொரு குரங்கு வந்து பேன் பார்க்க, இளவெயிலில் கையையும் காலையும் தொங்கவிட்டுக் குப்புறப் படுத்தது.

"இன்னா சொகமா கெடக்குது பாரு, திருட்டு நாயி" என்றார் சார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து நான் திரும்பிப் பார்த்தால், பாறையில் தலை சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

பாய் என் காதில் கிசுகிசுத்தார். "செயலாளரே, ஏழு பத்து வண்டி வர்ற நேரம். ஆரன் அடிச்சான்னா எல்லாம் போச்சு."

பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்திலேயே நடந்து வந்தவன் நான். அன்று ஓடினேன். வளைவுக்கு முன்னால் நடுரோட்டில் நின்று துண்டை ஆட்டினேன். பஸ் நின்றது.

"இன்னாடா பார்சலு, ஆக்சிடென்ட்டா?" என்று டிரைவர் தலையை நீட்டினார்.

"இல்லண்ணே. விசில் சார் தூங்குறாரு."

"யாரு? அவரா?"

நம்பாமல் இறங்கி வந்து பார்த்தார். அந்தத் தூங்குகிற முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "போன வாரங்கூட இந்த ஆளு என் காதுல ஊதுனாரு" என்றார். நான் துண்டால் சாரின் காதை மெல்ல மூடினேன்.

டிரைவர் திரும்பிப் போய் வண்டியில் ஏறினார். "நீ விசிலு கிசிலு அடிச்ச, கீழ எறக்கி விட்டுடுவேன்" என்று கண்டக்டரை மிரட்டினார். முதல் கியரில், கட்டைவண்டி மாதிரி வளைவைக் கடந்து போனார். எதிரே வந்த வண்டிகளையெல்லாம் நிறுத்திச் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். பின்னால் வந்தவற்றை நான் துண்டை ஆட்டி நிறுத்திச் சொன்னேன். ஒன்பதரை வரை அந்த வளைவில் ஒரு ஆரன் சத்தம் இல்லை.

திங்கட்கிழமை பிரஷர் இறங்கியிருந்தது. டாக்டர் தன் கருவி ரிப்பேரோ என்று இரண்டாம் முறை பார்த்தாராம். குரங்கு போட்டுவிட்டுப் போன விசிலைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "எல்லாம் அந்தக் கொரங்கு கத்துக்குடுத்த பாடம்யா" என்று சார் பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். அப்படியே மாற்று ஆள் பஸ் வந்த நேரங்களை எழுதி வைத்திருந்த முந்தின நாள் டைம் நோட்டைப் புரட்டியவர், விசிலை ஊதி அந்த டிரைவரைக் கூப்பிட்டார்.

"ஏழு பத்து ஏன்யா எட்டு நிமிஷம் லேட்டு?"

டிரைவர் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். "வளைவுல ஒரு எருமை குறுக்க நின்னுடுச்சி சார்."

"நின்னா ஆரன் அடிக்க மாட்டியா?"

"மனசு வரல சார்."

நான் மூட்டையின் மேல் அந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். எத்தனையோ பேர் என்னை எருமை என்று திட்டியிருக்கிறார்கள். சந்தோஷப்பட்டது அந்த ஒருமுறைதான்.