வைஃபைக்கு வடைமாலை

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து என் பேத்தி வாயில ஸ்பூனோடயே நிக்கறா சார்!"

காலையில் கதவைத் திறந்ததும் வெள்ளைச்சாமியின் மூக்குக்கு முன்னால் ஒரு செல்போன் நீண்டது. நீட்டியவர் கீழ்த்தளத்து ராஜரத்தினம். வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். திரையில் டொரான்டோவில் இருக்கும் அவருடைய பேத்தி, ஸ்பூனைக் கடித்தபடி உறைந்து போயிருந்தாள்.

"கட் பண்ணிட்டு மறுபடி கூப்பிட்டுப் பாருங்களேன்."

"பாத்தேன். இந்தத் தடவை ஸ்பூன் மட்டும் வந்துது, பேத்தி வரலை. பேப்பர் பாக்கலையா நீங்க? நடுக்கடல்ல ஒரு கப்பல்காரன் நங்கூரத்தைத் தூக்க மறந்துட்டு இழுத்துக்கிட்டே போயிருக்கான். கடலுக்கடியில போற இன்டர்நெட் கேபிளெல்லாம் அறுந்துபோச்சு."

"கடலுக்கடியிலயா? நெட்டு மேலேயிருந்துல்ல வருது, சாட்டிலைட்லேர்ந்து?"

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. நாம வெளிநாட்டோட பேசறதெல்லாம் செடிக்குத் தண்ணி விடற குழாய் தடிமன்ல இருக்கற ஒயர் வழியாத்தான். ரிப்பேர் பண்ற கப்பல் வந்து, அறுந்த நுனியைத் தேடிப் பிடிச்சு ஒட்டணும். வாரக்கணக்காகுமாம்."

வெள்ளிக்கிழமை வெள்ளைச்சாமியின் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வரப்போவதோ அந்த ஒயர் வழியாகத்தான்.

வெள்ளைச்சாமி தி.நகரில் மேட்சிங் சென்டர் வைத்திருப்பவர். எந்தச் சேலையைக் கொண்டுபோய்ப் போட்டாலும் அதற்கு ஒட்டின நிறத்தில் பிளவுஸ் துணியைக் கண்ணை மூடிக்கொண்டு உருவுவார். மகள் அனுப்ரியாவுக்கும் அப்படித்தான், அமெரிக்கா என்ற ஒரே நிறத்தில் மாப்பிள்ளை தேடி, சாத்தூர்க் குடும்பத்துப் பையன் சக்திவேலைப் பிடித்திருந்தார். நியூ ஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலை. நிச்சயத்துக்கு லீவு கிடைக்கவில்லை; அதனால் அம்மா அப்பா சாத்தூரிலிருந்து ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டுக்கு நேரில் வருவார்கள், மாப்பிள்ளை லேப்டாப்பில் வருவார் என்று ஏற்பாடு.

உடனே சம்பந்தியம்மாளுக்குப் போன் போட்டார்.

"இந்த மாதிரி கேபிள் அறுந்து போச்சாம். ஒருவேளை மாப்பிள்ளை முகம் சரியாத் தெரியலைன்னா…"

"முகம் தெரியலைன்னா தட்டு மாத்த மாட்டேன்" என்றாள் அந்த அம்மாள். "எங்க வழக்கம் அது. தட்டு மாத்தறப்ப பையன் முகம் பளிச்சுன்னு இருக்கணும். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள முகம் வரலைன்னா சகுனம் சரியில்லைன்னு கிளம்பிடுவோம். சிவகாசியில ஒரு இடம் இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க."

போனை வைத்துவிட்டு வெள்ளைச்சாமி சோபாவில் சரிந்தார்.

"நான்தான் அப்பவே சொன்னேனேப்பா" என்றாள் அனுப்ரியா, ஆபீசுக்குத் தலை வாரிக்கொண்டே. "எனக்கு சக்திவேலைப் பிடிச்சிருக்கு. அமெரிக்காதான் பிடிக்கலை. இங்கயே பெருங்குடியில வேலை பாத்த பையனைப் போன வருஷம் வேணாம்னீங்க."

"பெருங்குடி மாப்பிள்ளைன்னு கடைத்தெருவுல எப்படிம்மா சொல்றது? எல்லார்கிட்டயும் அமெரிக்கான்னு சொல்லியாச்சு. இனி இந்த இடம் தட்டிப்போச்சுன்னா நான் கடையைத் திறக்க முடியாது!"

மனைவி தங்கபுஷ்பம் அடுக்களையிலிருந்து உளுந்து டப்பாவோடு வந்தாள்.

"நங்கநல்லூர் ஆஞ்சநேயருக்கு வடைமாலை நேர்ந்துக்கறேன். கடல் தாண்டறதுன்னா அவருதான்."

"அவரு கடலுக்கு மேல தாண்டினாருடி. கேபிள் கீழ போகுது."

"மேல தாண்டறவருக்குக் கீழ தாண்டத் தெரியாதா? நீங்க சும்மா இருங்க."

கோயிலுக்கு அப்புறம் போய்க்கொள்ளலாம் என்று, முன்பணம் கட்டுவது போல ஒரு சின்ன வடைமாலையைத் தட்டி, பூஜை அலமாரியில் இருந்த வைஃபை பெட்டிக்குச் சாத்தினாள். அன்று சாயங்காலம் மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள்.

சக்திவேல் வந்தார். வந்தார் என்றால் எப்படி? காலண்டரில் அச்சடித்த முருகன் மாதிரி வந்தார். மீசை ஒவ்வொரு முடியாகத் தெரிந்தது.

"மாப்பிள்ளை! கேபிள் அறுந்திருக்காமே, உங்க பக்கம் எப்படி?"

"அப்படியா மாமா?" மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் தூக்கிவாரிப் போட்டது. "ஆமாமா, இங்கயும் பேசிக்கறாங்க. நமக்கு நல்லாத்தானே வருது!"

தங்கபுஷ்பம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வெள்ளைச்சாமி அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் லிப்டில் ராஜரத்தினத்தைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

"எங்க வீட்டுல அமெரிக்கா கண்ணாடி மாதிரி தெரியுது சார். உங்களுக்கு இன்னும் ஸ்பூன்தானா?"

அரை மணி நேரத்தில் அடுக்ககமே வாசலில் நின்றது. முன்னால் நின்றவள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஜெயஸ்ரீ மாமி.

"எங்காத்துல சிட்னி வந்து ரெண்டு நாளாறது. உங்காத்துல மட்டும் அமெரிக்கா ஜொலிக்கறதாமே? பாஸ்வேர்டைச் சொல்லுங்கோ சார்."

அக்கம்பக்கத்தைப் பகைத்துக்கொள்ள முடியுமா? சொன்னார். ஆளாளுக்கு ஹாலில் உட்கார்ந்து டொரான்டோவையும் சிட்னியையும் லண்டனையும் கூப்பிட்டார்கள். டொரான்டோவில் அதே ஸ்பூன். சிட்னியில் ஒரு காது மட்டும் வந்தது. லண்டன் சுற்றிக்கொண்டே இருந்தது.

"இதென்ன சார்" என்று ஜெயஸ்ரீ மாமி கண்ணாடியைக் கழற்றினாள். "நல்ல வைஃபையை உள்ள வச்சிண்டு எங்களுக்கு மட்டமானதைக் குடுக்கறேளா?"

"வைஃபையில மட்டமானது ஏது மாமி? இருக்கறதே ஒண்ணுதான்!"

"அப்போ உங்க மாப்பிள்ளை மட்டும் எப்படி வரார்?"

பதில் தங்கபுஷ்பத்திடம் இருந்தது.

"நாங்க நேர்ந்துக்கிட்டோம், எங்க மாப்பிள்ளை வர்றாரு. உங்க பேத்திக்கு நீங்கதான் நேர்ந்துக்கணும். ஒருத்தர் வடையில இன்னொருத்தர் பேத்தி எப்படி வருவா?"

வெள்ளைச்சாமி தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் கூட்டத்துக்கு அது நியாயமாகப் பட்டது.

மறுநாள் காலை வடைமாலைகள் வரத் தொடங்கின. ராஜரத்தினம் வீட்டிலிருந்து ஒரு மாலை, டொரான்டோவுக்கு. ஜெயஸ்ரீ மாமி மிளகைத் தூக்கலாகப் போட்டு ஒன்று கொண்டுவந்தாள். "ஆஸ்திரேலியா தூரமோன்னோ" என்றாள். வைஃபை பெட்டியின் இரண்டு கொம்புகளிலும் வடை தொங்கியது. டொரான்டோ அப்போதும் அசையவில்லை. "மாலை சின்னதாப் போச்சு" என்று ராஜரத்தினம் இன்னும் பெரிதாகக் கொண்டுவந்தார்.

பொறுத்துப் பார்த்த வெள்ளைச்சாமி பெட்டியைத் தூக்கிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்.

"சாமியைப் பீரோவுல பூட்டறேளா?" என்று ஜெயஸ்ரீ மாமி போட்ட சத்தத்தில் எதிர்க் கட்டிடத்துக்காரர்களும் வந்துவிட்டார்கள். அவர்கள் கையிலும் செல்போன். பிறகென்ன, பெட்டி மறுபடி அலமாரிக்கே வந்தது. கூடவே காலையும் மாலையும் கற்பூரம்.

இத்தனைக்கும் நடுவில் மாப்பிள்ளை மட்டும் தினமும் பளிச்சென்று வந்து, "வணக்கம் மாமா" என்றார். அவர் வரும்போதெல்லாம் ஹாலில் இருந்தவர்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். அவருக்குக் காரணம் புரியவில்லை. கொஞ்சம் பயந்தவர் போலத்தான் இருந்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. சம்பந்திகள் தட்டும் பூவும் பழமுமாக வந்து இறங்கினார்கள். அவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டு வெள்ளைச்சாமி அலமாரிப் பக்கம் போனார். வைஃபை பெட்டியில் எப்போதும் எரியும் பச்சை விளக்குகளில் ஒன்றே ஒன்று மட்டும் மினுக் மினுக்கென்று கண் சிமிட்டியது. பெட்டியின் ஓட்டைகளிலிருந்து எண்ணெய் வடிந்துகொண்டிருந்தது.

"புஷ்பம்! போச்சுடி!"

"கத்தாதீங்க, சம்பந்தி காதுல விழும். எண்ணெய்ப் பிசுக்குதானே? குடுங்க இப்படி."

அவள் பெட்டியோடு குளியலறைக்குப் போனாள். எண்ணெய்க்கு எதைப் போடுவார்கள்? சீயக்காயைப் போட்டுத் தேய்த்தாள். அலசித் துடைத்து, சாம்பிராணிப் புகையில் ஒரு காட்டுக் காட்டிக் கொண்டுவந்து மாட்டினாள். மிச்சமிருந்த ஒரு விளக்கும் அணைந்தது.

"தலைக்குக் குளிப்பாட்டினியா? இது என்ன கைக்குழந்தையாடி?"

"மணக்குது பாருங்க."

ஹாலிலிருந்து சம்பந்தியம்மாளின் குரல் வந்தது. "என்ன, பையனைக் கூப்பிட்டாச்சா? நேரம் போய்க்கிட்டே இருக்கு."

"இதோ, அமெரிக்காவுல முகம் கழுவிக்கிட்டிருக்காரு!" என்றார் வெள்ளைச்சாமி.

அந்த வீட்டுக்குள் செல்போனில் நெட் எடுக்காது. மொட்டை மாடிக்குப் போனால் எடுக்கும். மெதுவாக அதைச் சொல்லிப் பார்த்தார்.

"வத்தல் காயப்போட்ட இடத்துல நிச்சயமா?" என்று சம்பந்தியம்மாள் எழுந்தே விட்டாள். "ஏங்க, தட்டை எடுங்க. சிவகாசிக்குப் போன் போடுங்க."

"அம்மா, கொஞ்சம் உக்காருங்க, ஆள் வந்துக்கிட்டிருக்காரு" என்றாள் பட்டுச்சேலையில் இருந்த அனுப்ரியா. நெட் கம்பெனிக்கு ஏற்கெனவே போன் செய்திருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "அப்பா, எப்படியாவது சரி பண்ணுங்கப்பா. சக்திவேலை விட்டா எனக்கு வேற யாரும் வேணாம்."

இத்தனை நாளும் கடைத்தெருவுக்காகப் பதறின வெள்ளைச்சாமி, இப்போது மகளுக்காகப் பதறினார்.

மணி பத்தைத் தாண்டியபோது பையும் ஒயருமாக நெட் கம்பெனி ஆள் காஷிஃப் வந்தார். பெட்டியைத் திறந்தார். மோந்து பார்த்தார்.

"இன்னா சார், பொட்டிய பஜ்ஜி போட்டீங்களா?"

"வடை தம்பி, வடை!"

"உள்ள மொளகு கீது. கற்பூரம் கீது. இது இன்னா, சீயக்காயா? நெட்டுக்கு எண்ணெ தேச்சு குளிப்பாட்டுன மொத ஊடு இதான் சார்."

"அப்புறம் சிரிக்கலாம் தம்பி. பத்தரைக்குள்ள அமெரிக்கா வரணும். என் பொண்ணு வாழ்க்கையே இதுல இருக்கு."

"டென்சன் ஆவாதீங்க. வேற பொட்டி கீது, மாட்டிர்றேன்."

மாட்டினார். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. நாற்காலியில் பட்டு விரித்து வைத்திருந்த லேப்டாப்பில், கோட்டும் சந்தனப் பொட்டுமாகச் சக்திவேல் பளீரென்று உதித்தார். ஹாலில் நிரம்பியிருந்த அடுக்ககம் மொத்தமும் கை தட்டியது. சம்பந்தியம்மாள் உருகிப் போய், திரையில் மகன் நெற்றிக்கு நேராகக் குங்குமம் வைத்தாள்.

"அந்த ஊர்ல நடுராத்திரி, பிள்ளை தூங்காம காத்துக்கிட்டிருக்கான் பாருங்க!"

"மாத்துங்க, தட்டை மாத்துங்க!" என்று ராஜரத்தினம் அவசரப்படுத்தினார்.

ராகுகாலம் எட்டிப் பார்ப்பதற்குள் தட்டு கை மாறியது. அனுப்ரியா திரையைப் பார்த்துச் சிரித்தாள். தங்கபுஷ்பம் எல்லார் வாயிலும் சர்க்கரை போட்டாள். தட்டு மாறிய பிறகு பேச்சு மாறுவதில்லை என்று இரண்டு சம்பந்திகளும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

வெள்ளைச்சாமிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மூலையில் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த காஷிஃபைக் கையைப் பிடித்து இழுத்துவந்து லேப்டாப் முன்னால் நிறுத்தினார்.

"பாரு தம்பி! கடல்ல கேபிளே அறுந்து கிடக்கு. எங்க மாப்பிள்ளை எப்படி வர்றாரு பாத்தியா? நியூ ஜெர்சி!"

காஷிஃப் குனிந்து பார்த்தார். திரையில் சிரித்துக்கொண்டிருந்த சக்திவேல், சிரித்தது சிரித்தபடி நின்றுவிட்டார். கண் இமைக்கவில்லை. உதடு அசையவில்லை.

"ஐயையோ, உறைஞ்சுட்டாரு! என் பேத்தி மாதிரியே!" என்று ராஜரத்தினம் அலறினார்.

"இப்பதான் புதுசு மாட்டினே, அதுக்குள்ள என்னப்பா ஆச்சு?" என்று வெள்ளைச்சாமி காஷிஃபின் தோளை உலுக்கினார்.

காஷிஃப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாவியை எடுத்தார்.

"இந்தப் பக்கம் லைனு சூப்பரா கீது சார், அந்தப் பக்கம்தான் இன்னாவோ கோளாறு, இவரு நம்ம சக்திவேல் சாருதானே, ராயப்பேட்டை ரூமுக்குப் போன மாசம் நான்தான் கனெக்சன் குடுத்தேன், இருங்க, பைக்ல பத்து நிமிசம், போய்ப் பாத்துட்டு வந்துர்றேன்!"